‘நான் உன் கல்லீரல் பேசுகிறேன்’: அந்த ஒலிப்பதிவை நம்பி ஏமாந்தேன்

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்து, ஆபரேஷன் இல்லாமல் கரைக்க வழி உண்டா என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானும் அப்படித் தேடித்தான் மாட்டிக்கொண்டேன். போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். ஐந்து மாதம் வீணாகி, கடைசியில் குளிர்காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாக நடுராத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் போய்ப் படுத்தேன்.

முதல் வலி ஒரு இரவில் வந்தது. எண்ணெய் அதிகமான சாப்பாடு சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேல் வயிற்றின் நடுவில் ஆரம்பித்து வலப்பக்கம் ஏறி, வலது தோள்பட்டைக்குப் பின்னால் வரை இழுத்தது. எப்படிப் படுத்தாலும் அடங்கவில்லை. வாயுத்தொல்லை என்று நினைத்து வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில், வந்த சுவடே இல்லாமல் போய்விட்டது. மூன்றாவது முறை வந்தபோதுதான் டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் கற்கள் பல இருந்தன, பெரியது 9 மில்லிமீட்டர். கல் இருக்கும் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை, பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே வராது என்றார் அவர். ஆனால் வலி வர ஆரம்பித்துவிட்டால் திரும்பத் திரும்ப வரும், அதனால் பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

அந்த ‘எடுத்துவிடுவது’ எனக்குள் இறங்கவே இல்லை. உடம்போடு பிறந்த ஒன்றை எதற்கு எடுக்க வேண்டும், கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று மனது அடித்துக்கொண்டது. அந்த வாரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. ஏழு நிமிடம், கனமான ஆண்குரல்.

“நான் உன் கல்லீரல் பேசுகிறேன். உன் வலது விலா எலும்புகளுக்குக் கீழே, ஒன்றரைக் கிலோ எடையோடு, நீ பிறந்த நாளிலிருந்து ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறேன். இதயத்தைப் பற்றிப் பாட்டு எழுதுகிறாய், மூளையைப் பெருமையாகப் பேசுகிறாய். என்னை ஒரு நாளாவது நினைத்திருக்கிறாயா?”

கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கை தானாக வலது விலாவின் மேல் போய் நின்றது. கண் கலங்கிவிட்டது. அந்தக் குரல் அப்படி.

முதல் ஆறு நிமிடத்தில் அந்தக் குரல் சொன்னதெல்லாம் உண்மை. நான் விழுந்த இடம் அதுதான். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வருவது. சாப்பிட்டதிலிருந்து உறிஞ்சப்பட்ட சத்துகளில் பெரும்பகுதி முதலில் அங்கேதான் போய் நிற்கிறது. மிஞ்சிய சர்க்கரையைக் கிளைகோஜனாக மாற்றிச் சேர்த்து வைத்து, ராத்திரி நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்கிறது. அம்மோனியாவை யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 முதல் 1000 மில்லி வரை பித்தநீர் சுரக்கிறது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும், அதனால்தான் உயிரோடு இருப்பவரே இன்னொருவருக்குக் கல்லீரல் தானம் செய்ய முடிகிறது. நான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாகச் சொல்பவர் அடுத்ததையும் சரியாகத்தான் சொல்வார் என்று நம்பிவிட்டேன்.

ஏழாவது நிமிடத்தில் குரல் தழுதழுத்தது. “வருடக்கணக்கில் கழிவு படிந்து மூச்சுத் திணறுகிறேன். ஒரே ஒரு முறை என்னைக் கழுவிவிடு.” அப்புறம் ஒரு தொலைபேசி எண்.

கல்லீரல் அழுக்குத் தங்கும் வடிகட்டி இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேண்டாத பொருளை அது ரசாயனமாக மாற்றி, பித்தநீர் வழியாகக் குடலுக்கோ ரத்தத்தின் வழியாகச் சிறுநீரகத்துக்கோ அனுப்பிவிடுகிறது. கொழுப்பு சேரலாம், அழற்சி வரலாம், தழும்பு விழலாம். அவை எதுவும் பேதிமருந்து குடித்துக் கழுவினால் போகிறவை அல்ல.

எண்ணுக்குப் பேசினேன். “மேடம், பித்தப்பைக் கல்லெல்லாம் கல்லீரல்ல இருந்துதான் இறங்குது. கல்லீரலைக் கழுவிட்டா கல் தானா வந்துடும். நீங்களே கண்ணால பார்ப்பீங்க” என்றார் உதவியாளர். ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பினேன், இரண்டு நிமிடத்தில் “செய்யலாம்” என்று பதில் வந்தது. வயது என்ன, வேறு மருந்து சாப்பிடுகிறேனா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எதுவுமே கேட்கவில்லை. அவர்கள் கொடுத்த உப்பு மெக்னீசியம் சல்பேட். சிறுநீரகம் பழுதானவர்கள் உடம்பில் அது தேங்கினால் இதயத்துடிப்பே பாதிக்கப்படும். முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தாவது நான் விழித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் உப்புக் கரைசல், படுக்கப் போகும்போது ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். குமட்டிக் குமட்டிக் குடித்துவிட்டு வலப்பக்கமாகப் படுத்தேன். விடியும்வரை வயிறு போனது. காலையில் பார்த்தால், அவர் சொன்னபடியே பச்சைப் பச்சையாக உருண்டைகள் மிதந்தன. பட்டாணி அளவில் பல, திராட்சை அளவில் சில. அரித்தெடுத்துக் கழுவி எண்ணினேன், அறுபத்திரண்டு. அழுத்தினால் மெழுகு மாதிரி அமுங்கியது. போட்டோ எடுத்து அனுப்பியதும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை. ஆபரேஷனிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். உருண்டைகளை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

இன்றைக்கு யோசித்தால் கணக்கே இடிக்கிறது. அறுபத்திரண்டு உருண்டையும் சேர்ந்து ஒரு டம்ளரை நிரப்பின. பித்தப்பை பிடிப்பதே 30 முதல் 50 மில்லிதான். அதிலிருந்து குடலுக்கு வரும் பொதுப் பித்தநாளம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். திராட்சை அளவு கல் வலியே இல்லாமல் ஒரே ராத்திரியில் அதன் வழியாக எப்படி இறங்கும்?

அவை கல்லே இல்லை, சோப்பு. நாம் குடித்த எண்ணெயைக் குடலில் நொதிகள் உடைக்கும்போது கொழுப்பு அமிலம் உண்டாகிறது. அது எலுமிச்சைச் சாற்றிலுள்ள பொட்டாசியத்தோடு சேர்ந்து சோப்பாகத் திரண்டு உருள்கிறது. இதேபோல் ‘கல்’ வந்த ஒரு பெண்ணின் உருண்டைகளை நியூசிலாந்தில் ஆய்வகத்தில் சோதித்து, 2005இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். உண்மையான பித்தக்கல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் இல்லை, கால்சியமும் இல்லை. 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடம் வைத்ததும் பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. நான் இந்த உண்மையைத் தெரிந்துகொண்டது ஆஸ்பத்திரிப் படுக்கையில்.

முதல் கழுவலுக்குப் பிறகு “இன்னும் உள்ள இருக்கு” என்றார்கள். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு முறையும் தனிப் பணம், ஒவ்வொரு முறையும் பச்சை உருண்டைகள். எண்ணெய் குடிக்கும் வரை வந்துகொண்டேதான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். “ஆறு மாசம் கழிச்சு எடுங்க மேடம், இப்ப எடுத்தா குழப்பமா காட்டும்” என்றார் உதவியாளர். வலியே இல்லாமல் சில நிமிடங்களில் முடிகிற சோதனை அது. முதல் கழுவலுக்கு மறுநாளே எடுத்திருந்தால் எல்லாக் கற்களும் அப்படியே இருப்பது தெரிந்திருக்கும். அதனால்தான் எடுக்க விடவில்லை.

ஐந்தாவது மாதம் வலி வந்தது. இந்த முறை அடங்கவில்லை. மறுநாள் பல் கிட்டுகிற மாதிரி நடுக்கம், காய்ச்சல். சிறுநீர் கறுத்துப் போனது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. அவர்களுக்கு போன் செய்தேன். “நல்ல அறிகுறி மேடம். கழிவு வெளிய போகுது. ரெண்டு நாள் தண்ணி நிறைய குடிங்க, வேற எதையும் தொடாதீங்க.”

பணத்தை மன்னித்தாலும் இந்த ஒரு பதிலை என்னால் மன்னிக்க முடியாது. அந்தப் பேச்சைக் கேட்டு ஒன்றரை நாள் வீட்டிலேயே கிடந்தேன். பார்க்க வந்த தம்பிதான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லி, “அக்கா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

சிறிய கல் ஒன்று பித்தப்பையிலிருந்து நழுவி, பொதுப் பித்தநாளத்தில் அடைத்திருந்தது. தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்துவிட்டது. பிலிருபின் சாதாரணமாக ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டும், எனக்கு ஏழைத் தாண்டியிருந்தது. வலி, குளிர்காய்ச்சல், மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, கிருமி ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அதே கல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் கணையநாளத்தின் வாயையும் அடைத்திருந்தால் கணைய அழற்சி வந்திருக்கும். கழுவியதால்தான் கல் நழுவியதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் கொழுப்பு குடலுக்குள் வந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். கல் நிறைந்த பையை அவ்வளவு எண்ணெய் குடித்து மூன்று முறை பிழிய வைத்தது ஆபத்தான வேலை என்றார்.

படுத்திருந்தபோது அந்த ஒலிப்பதிவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்பே கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலி தெரியும். ஏழு நிமிடம் உருக்கமாகப் பேச அதற்குத் தெரியாது. என் கல்லீரல் உண்மையாகவே பேசியது அந்த ஒன்றரை நாளில்தான். கறுத்த சிறுநீரில், வெளுத்த மலத்தில், மஞ்சள் ஏறிய கண்ணில். அதைக் காதில் வாங்காமல், அதன் பெயரில் வேறு ஒருவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் இ.ஆர்.சி.பி. என்ற முறையில் வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். கல்லை மட்டும் ஏன் எடுக்கக் கூடாது என்ற என் பழைய கேள்வியை அப்போதும் கேட்டேன். கல் உருவாவதே அந்தப் பைக்குள்தான், பையை விட்டுவிட்டால் மறுபடியும் உருவாகும் என்றார் டாக்டர். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையையே எடுத்ததும் இந்தக் காரணத்தால்தானாம். பை இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், அது சேமிக்கப்படாமல் நேராகக் குடலுக்கு வரும், அவ்வளவுதான். எனக்குச் சில வாரம் வயிறு இளகலாகப் போனது, அப்புறம் சரியாகிவிட்டது. இதை ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்கலாம், டாக்டரும் நேரம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அந்தக் குரல் நுழைந்தது.

“நிறைய கல் வெளியே வந்தது டாக்டர், வைத்திருக்கிறேன்” என்று சொல்லியிருந்தேன். கொண்டு வரச் சொன்னார். தம்பி ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து, வெயிலில் நின்ற வண்டியில் வைத்துக் கொண்டு வந்தான். வார்டில் திறந்தபோது உள்ளே ஒரு உருண்டைகூட இல்லை. அடியில் பச்சை எண்ணெய் தேங்கி நின்றது. டாக்டர் எதுவும் சொல்லாமல் மூடியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து அவர்கள் என்னிடம் கொடுத்த சின்ன பாட்டிலில் பதினொரு கற்கள் இருந்தன. மஞ்சளும் பழுப்புமாக, ஒன்றோடொன்று உரசிப் பட்டை தீட்டியது போன்ற முகங்கள். ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஆறு முறை கழுவ வேண்டியதை மூன்றோடு நிறுத்தியது என் தப்பு, நன்கொடையைத் திருப்பித் தர முடியாது என்று எழுதிவிட்டு, குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் பச்சை உருண்டைகளின் போட்டோ இன்னும் அவர்கள் விளம்பரத்தில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. ரசீது, ஒலிப்பதிவு, இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட், அந்த ‘நல்ல அறிகுறி’ உரையாடல் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே இடத்தில் கழுவியவர்கள் யாராவது இருந்தால், உங்களிடம் இருப்பதையும் அழிக்காமல் வைத்திருங்கள். தயவுசெய்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

நேற்று சித்தியிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. “கேட்டுப் பாரு, அழுகையே வந்துடுச்சு” என்று எழுதியிருந்தார். அதே குரல்தான், ஆனால் இந்த முறை “நான் உன் சிறுநீரகம் பேசுகிறேன்” என்று ஆரம்பிக்கிறது. கடைசியில் அதே தொலைபேசி எண். சித்திக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. உடனே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். டப்பாவையும் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்க நாளைக் காலையில் நானே அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.