புதையல் தேட எர்த் டெஸ்டர் வாங்கலாமா? எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, பூமிக்கு அடியில புதையல் பார்க்கிற மிஷின் வெல கொறஞ்சிருக்கு, ஆறாயிரம் வெள்ளிக்கு வித்தது இப்ப நாலாயிரத்துக்கு வருது, வாங்கிப் போடலாமா?" என்று கேட்டார். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பெட்டியும் திரையும் பளபளப்பாக இருந்தாலும், கம்பி செருகும் நான்கு முனைகளும் மண்ணில் அடிக்கும் நான்கு முளைக்கம்பிகளும் கொண்ட அந்தக் கருவி, நான் 2017-இலிருந்து வைத்திருக்கும், மண்ணின் மின்தடையை அளக்கும் எர்த் டெஸ்டருக்கு நெருங்கிய உறவுதான். நானும் போன மாதம்தான் என்னுடையதைப் பழுதுபார்த்து வாங்கி வந்திருக்கிறேன். அவருக்குத் தொலைபேசியில் பாதி பதிலைத்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

பனையெண்ணெய் எடுக்கும் செம்பனை ஆலையில், மின்சாரப் பொறுப்பாளரான சார்ஜ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இடிதாங்கிக்கும் சுவிட்ச் அறைக்கும் போட்ட மண் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத்தான் இந்தக் கருவியை இரண்டாம் கையாக வாங்கினேன். கருவி வீட்டுக்கு வந்த செய்தி எங்கள் ஊரான கெடாவின் பீடோங் கடைத்தெருவில் பரவிய சில நாள்களிலேயே, புதையல் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டு ஆள்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1941 டிசம்பர் 8-இல் சயாமின் சிங்கோராவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, ஜித்ராவில் பிரிட்டிஷ் அணியை உடைத்து, 14, 15 தேதிகளில் குருணில் மோதி, எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் தெற்கே மூடா ஆற்றை நோக்கி இறங்கியது. துரைமார் பங்களாக்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிய அந்த ஒரு வாரத்தில் எதைப் புதைத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்ற கதை இல்லாத தோட்டம் இந்த வட்டாரத்தில் கிடையாது. போதாக்குறைக்கு, இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் இந்தப் பக்கம்தான் என்பதும், சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டி எடுத்த செங்கல் கட்டுமானங்களும் இரும்பு உருக்கிய களங்களும் பக்கத்திலேயே இருப்பதும் ஆசையைக் கிளறிவிடுகின்றன.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரே கோட்டில், சம இடைவெளியில், நான்கு முளைகளை அடிக்க வேண்டும். வெளி முளைகள் இரண்டின் வழியாக மண்ணுக்குள் சிறிய மின்னோட்டம் செல்லும். உள் முளைகள் இரண்டுக்கும் நடுவே உண்டாகும் மின்னழுத்தத்தைக் கருவி அளந்து ஓமில் காட்டும். இடைவெளியை மீட்டரில் எடுத்து, அதை 6.28-ஆல் பெருக்கி, வந்த ஓமால் மீண்டும் பெருக்கினால் மண்ணின் தன்மின்தடை, அதாவது அந்த மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, கிடைத்துவிடும். அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர் 1915-இல் எழுதிய கணக்கு இது, இன்றைக்கும் மாறவில்லை. முளைகளின் இடைவெளி கூடக்கூடப் பார்வை ஆழமாகும். ஏறக்குறைய மூன்று மீட்டர் ஆழத்து மண் அளவில் தெரிய வேண்டுமானால் இடைவெளி குறைந்தது மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். அப்போது முதல் முளைக்கும் கடைசி முளைக்கும் ஒன்பது மீட்டர் தூரம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே அந்த ஒன்பது மீட்டரை நேர்கோட்டில் பிடிப்பது ஒரு வேலை. வேரில் படாமல் முளை அடிப்பது இன்னொரு வேலை.

என்னை இந்த எட்டு ஆண்டுகளாகப் படுத்தி எடுப்பது அந்த வேலைகள் அல்ல. கருவியின் முகப்பில், எண் தெரியும் திரைக்கு மேலே, ஒரு சிறிய சிவப்பு விளக்கு இருக்கிறது. முளைக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள தொடுதடை அளவுக்கு மிஞ்சினால் அது எரியும். எங்கள் வட்டாரம் பெரும்பாலும் செம்மண், அதன் கீழே கப்பிக்கல். சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை நின்று மண் ஓடு போல் இறுகிவிடும். அந்த மாதங்களில் எங்கே முளை அடித்தாலும் விளக்கு எரிகிறது. எரியட்டும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த முளை சரியாகப் பிடிக்கவில்லை என்பதை அது சொல்வதே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. மின்னோட்டச் சுற்றில் கோளாறு என்று மட்டும் காட்டும். அந்தச் சுற்றில் கோட்டின் இரு கோடிகளிலும் ஒவ்வொரு முளை இருக்கிறது. நான் ஒரு கோடிக்கு நடந்து, முளையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றி, குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டுத் திரும்பி வந்து பொத்தானை அழுத்துவேன். விளக்கு அப்படியே எரியும். அடுத்த கோடிக்கு நடப்பேன். ஒரு கோட்டில் இருபது அளவுகள் எடுத்தால், இந்த நடை எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கருவியை வடிவமைத்தவர்கள் இரண்டாவது விளக்கு ஒன்றைச் சேர்த்திருந்தால் என் முழங்காலுக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்று ஒவ்வொரு வெயில் காலத்திலும் எரிச்சலோடு நினைக்கிறேன்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன், பழைய துரை பங்களா இருந்த மேட்டில், என் மைத்துனர் மகன் இரவல் வாங்கி வந்த மலிவான கருவி ஒன்றையும் என்னுடையதையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தோம். அந்தக் கருவியில் விளக்கு எதுவும் இல்லை. முளை மண்ணைப் பிடிக்காமல் கப்பிக்கல்லில் தொங்கிக்கொண்டிருந்தபோதும் அது ஓர் எண்ணைக் காட்டியது, அதுவும் பக்கத்து அளவைப்போல் நான்கு மடங்கு. "மாமா, அடியில குழி இருக்கு, வெத்திடம்னா தடை கூடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். உடன் வந்தவர்கள் அதற்குள் சாங்கூலை (மண்வெட்டியை) எடுத்துவிட்டார்கள். என் கருவியை மாற்றிப் பொருத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு போத்தல் உப்புத் தண்ணீர் ஊற்றி, முளையை ஒரு சாண் தள்ளி அடித்தோம். விளக்கு அணைந்தது, எண்ணும் பக்கத்து அளவோடு சேர்ந்துகொண்டது. அடியில் குழியும் இல்லை, அறையும் இல்லை. அன்று அந்த விளக்கு இல்லாவிட்டால் நான்கு பேர் இரண்டு நாள் வெயிலில் வெறும் கப்பியை வெட்டியிருப்பார்கள். குருணில் சண்டை நடந்த வட்டாரத்தில், வெடிக்காத பழைய குண்டு எதுவும் மண்ணுக்குள் கிடக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலையில், ஆழமாகத் தோண்டுவதே ஆபத்தான வேலை.

நண்பர் வாங்க நினைப்பது புதையலுக்காக. எனவே இந்தக் கணக்கை அவர் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு அடி நீளமுள்ள இரும்புப் பெட்டி ஒன்று மூன்று மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 செண்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்றால் அதன் கொள்ளளவு 0.1 கன மீட்டருக்கும் குறைவு. அந்த ஆழத்தைப் பார்க்க மூன்று மீட்டர் இடைவெளியில் முளை அடிக்கும்போது, மூன்று மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே 56 கன மீட்டர் மண் அந்த அளவில் கலந்திருக்கிறது. பெட்டியின் பங்கு ஆயிரத்தில் இரண்டுகூட இல்லை. மறுபுறம், உள் முளை ஒன்றை வெறும் பத்து செண்டிமீட்டர் தவறாக அடித்துவிட்டால், அந்தப் பிழை மட்டுமே அளவை 4 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடும். முதல் நாள் மழை பெய்திருந்தால் இன்னும் அதிகமாக மாறும். என் கைத்தவறும் வானத்து மழையும் சேர்ந்து எழுப்புகிற இரைச்சலில், தங்கமே நிறைந்திருந்தாலும் அந்தப் பெட்டி தெரியப்போவதில்லை. "பத்து மீட்டர் ஆழத்துப் பொன்னைச் சிவப்பாகக் காட்டும்" என்று விற்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான். திரையில் தெரியும் சிவப்பு, தடை குறைந்த மண்ணுக்குக் கொடுத்த நிறம். ஈரக் களிமண்ணும் அதே சிவப்புதான், மலக்குழிக் கசிவும் அதே சிவப்புதான்.

அப்படியானால் இது எதைக் கண்டுபிடிக்கும்? மனிதன் ஒரு காலத்தில் கலைத்துவிட்ட மண்ணைக் கண்டுபிடிக்கும். 1946-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸில் ரிச்சர்ட் அட்கின்சன் என்ற தொல்லியலாளர் முதன்முதலாக இந்த முறையில் தேடியதும் சரளை நிலத்தில் முற்காலத்தவர் வெட்டி, பின்னர் தூர்ந்துபோன அகழிகளைத்தான். வெட்டி நிரப்பிய மண் சுற்றியுள்ள மண்ணைவிட ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும்; அதனால் அங்கே தடை குறையும். செங்கல்லும் கல்லும் உலர்ந்து நின்று தடையைக் கூட்டும். நான் சொன்னது உண்மை என்பதற்கு என்னிடம் ஒரு கிணறு இருக்கிறது.

அது 2021-இல் நடந்தது. எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், தம் தாயார் ஜப்பான் காலத்தில் நகையையும் வெள்ளிக் காசையும் பித்தளைச் செம்பில் போட்டு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் கிணற்றோரம் புதைத்ததாகச் சொல்லி என்னிடம் வந்தார். லயங்களை இடித்து, ரப்பர் பால்மரத்தை வெட்டி, செம்பனை வைத்து, அந்தச் செம்பனையையும் ஒருமுறை மறுநடவு செய்துவிட்ட நிலம் அது. கிணறு எந்தப் பக்கம் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. தோட்ட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் முளை அடித்து, மீட்டருக்கு மீட்டர் நகர்ந்து ஐந்து கோடுகள் அளந்தோம். மண்ணின் தடை 115, 120, 118 என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான்காம் கோட்டில் திடீரென்று 81; அடுத்தது 48; அதற்கடுத்தது 52; பிறகு மீண்டும் 109. விளக்கு எரியவில்லை. நான் நம்பாமல் முளைகளைப் பிடுங்கி, கோட்டைக் குறுக்காகத் திருப்பி அளந்தேன். அதே இடத்தில் எண்ணில் அதே பள்ளம் விழுந்தது, அகலம் இரண்டு மீட்டர் போல.

நிர்வாகி அனுமதித்த ஒரு சதுர மீட்டரை மட்டும் வெட்டினோம். முழங்கை ஆழத்தில் சாங்கூல் 'ணங்' என்றது. கையால் மண்ணை விலக்கியபோது, வளைவாக அடுக்கிய செங்கல் விளிம்பு தெரிந்தது. ஒரு செங்கல்லின் உள்முகத்தில், பல ஆண்டுகளாக வாளிக்கயிறு உரசிய தடம் விரல் நுழையும் அளவுக்கு வழவழப்பாக இருந்தது. பெரியவர் குனிந்து அந்தத் தடத்தில் விரலை வைத்தார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, கெணறு இதுன்னா, அந்தா அந்த மூணாவது மரம் இருக்கே, அதுதான் எங்க வீட்டு வாசல். அதுக்குப் பின்னால புள்ளைங்கள விடுற ஆயாக்கொட்டகை. மாரியம்மன் கோயில் மேட்டுப் பக்கம்" என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். அவர் சொல்லச் சொல்ல, அவருடைய பேத்தி ஒரு தாளில் வரைந்துகொண்டாள். இடித்துத் தள்ளி அடையாளம் இல்லாமல் போன ஒரு லயம் அந்தத் தாளில் மறுபடி வந்துவிட்டது. கோயில் இருந்த இடத்திலும் பிறகு நான் ஒரு நாள் அளந்தேன்; அங்கே தடை உயர்ந்து, அடித்தளம் போன்ற நேர்கோடு ஒன்று தெரிந்தது. செம்பு கிடைக்கவில்லை. அவ்வளவு சிறிய பொருளுக்கு என் கருவி உதவாது என்று முன்பே சொல்லியிருந்தேன். அரை மீட்டருக்குள் இருந்தால் சாதாரண மெட்டல் டிடெக்டரே போதும். பெரியவர் அதற்குப் பிறகு செம்பைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

பழுதைப் பற்றி இரண்டு வரி. கம்பிச்சுருளை இழுக்கும்போது முனையில் விழும் இழுவை, உள்ளே இருக்கும் ஈயப்பற்றை நாளாவட்டத்தில் விரியச் செய்துவிடுகிறது. எனக்கு 180 வெள்ளி செலவு. இனி வாங்குகிறவர்கள் கம்பியைப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முனையில் செருகினால் இழுவை உள்ளே போகாது.

சட்டத்தையும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபுப் பொருளைத் தேடி உரிமம் இல்லாமல் அகழக் கூடாது. புதையல் கிடைத்தால் மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். சுங்கை பத்து அடங்கிய பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயிலான ஒரு சண்டியை வீடமைப்புக்காக இடித்துவிட்டார்கள் என்று 2013-இல் தெரியவந்தபோது இந்த வட்டாரமே கொதித்தது. அதே பள்ளத்தாக்கில் நாமே இரவில் சாங்கூலோடு இறங்கினால், இடித்தவர்களைக் கேட்க நமக்கு வாய் இருக்காது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என்னிடம் வந்தவர்களில் சிலர் சுங்கை பத்துப் பக்கம் அளந்து தரச் சொல்லிப் பணம் நீட்டியிருக்கிறார்கள்.

எனவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். நான்காயிரத்துக்கும் வேண்டாம், இரண்டாயிரத்துக்கு இறங்கினாலும் வேண்டாம். என் கருவி எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட என்னிடம் பொய் சொன்னதில்லை, ஒரு கிணற்றையும் ஒரு கோயிலையும் காட்டித் தந்திருக்கிறது. ஆனாலும் பொன்னை மனத்தில் வைத்துக்கொண்டு முளை அடிக்கிறவருக்கு அந்த எண்கள் நிம்மதியைத் தராது. உங்கள் தாத்தா வேலை செய்த தோட்டத்தின் லயம் எங்கே இருந்தது என்று பார்க்கத்தான் விருப்பம் என்றால், அது வேறு பேச்சு. மழை விட்டு ஒரு வாரம் ஆன சனிக்கிழமையாகப் பார்த்துச் சொல்லுங்கள். கருவியை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். உப்பு ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள், கோட்டின் மறுகோடியில் நிற்க இளவட்டம் ஒருவரையும் கூட்டி வாருங்கள்.