நேட்டால் போன பாட்டனைத் தேட: கப்பல் பதிவேடா, பழைய பத்திரிகையா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் கப்பல் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள், ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு எண், ஒரு வரி. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், அப்புறம் உடம்பில் உள்ள அடையாளம். 'இடது முழங்காலில் தழும்பு' என்பது போல ஒரு குறிப்பைப் படிக்கும்போது, போட்டோகூட இல்லாத அந்த மனுஷன் நம் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். ஒரே சிக்கல், குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள். முனியம்மாவை நாலைந்து விதமாக எழுதித் தேடிப் பார்க்க வேண்டும், ஊர்ப் பெயருக்கும் அதே கதிதான்.

பத்திரிகை வேறு மாதிரி. 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில், தொடக்கத்தில் தமிழ்ப் பக்கங்களும் இருந்தன. சத்தியாகிரகத்தில் சிறை போனவர்களின் பெயர்களை அதில் பார்க்கலாம். ஆனால் தோட்டத்திலேயே உழைத்து அங்கேயே செத்துப்போன சாதாரண ஆள் அதில் கிடைப்பது அபூர்வம். ஊர் தெரிய வேண்டுமா, பதிவேடு. அவர் அங்கே போன பிறகு எப்படி வாழ்ந்தார், எதற்காக நின்றார் என்று தெரிய வேண்டுமானால்தான் பத்திரிகை.