பாங்காக்கில் 16 பாட் படகு: ஏறிப் பார்த்தவன் சொல்கிறேன்

பாங்காக் பயணத்துக்குத் திட்டம் போடுகிறேன் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதில் உருப்படியாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: ஆற்றோரமாகத் தங்குவது, ஊர் சுற்ற ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறுவது. இந்த விமர்சனம் அந்தப் படகைப் பற்றித்தான். தங்கின ஓட்டலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மெத்தை இருந்தது, தூங்கினோம்.

முதலில் நானும் ஊரோடு ஒத்து ஏஜென்ட்டிடம்தான் போனேன். நான்கு இரவு ஐந்து பகல், அதில் பாதி பட்டாயா, மிச்சம் பாங்காக். அட்டவணையைப் படித்துப் பார்த்தால் கோயிலுக்கு அரை மணி நேரம், நவரத்தினக் கல் கடைக்கு ஒன்றரை மணி நேரம். கல் கடை கட்டாயமா என்று கேட்டால் "அது ஃப்ரீ சார்" என்கிறார். போதாததற்கு வருகை அட்டை நிரப்பித் தர தலைக்கு இவ்வளவு என்று அடியில் தனியாக ஒரு வரி. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டுக்காரர்கள் இணையத்திலேயே நிரப்ப வேண்டிய அட்டை அது. அரசுத் தளத்தில் பைசா கிடையாது, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், எங்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் நாமே பார்த்துக்கொள்வோம் என்று எழுந்து வந்தேன். விசா விதி அடிக்கடி மாறுகிறது, அதை மட்டும் டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

சரி, படகுக்கு வருவோம். சாவ் பிரயா ஆறு ஊரின் குறுக்கே வளைந்து வளைந்து போகிறது. 1782-ல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா அரண்மனை கட்டியது இந்தக் கரையில்தான், பழைய ஊர் முழுக்க ஆற்றை நம்பி வளர்ந்தது. தூணின் மேல் ஓடும் ரயில் வந்ததே 1999-ல். அது ஷாப்பிங் மால்களுக்கு நன்றாகக் கொண்டுபோய் விடும், பழைய ஊரைப் பார்க்கிறவர்களுக்குப் படகுதான் சரி. அந்த ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் காலடியிலேயே சாத்தோன் படகுத்துறை.

துறைக்குப் போனதும் படகின் கொடி நிறத்தைப் பாருங்கள். நீலக்கொடி சுற்றுலாக்காரர்களுக்கு, டிக்கெட் அதிகம், உட்கார இடம் கிடைக்கும். ஆரஞ்சுக் கொடி ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய் வருவது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் நாங்கள் போனபோது 16 பாட், நம் காசுக்கு ஐம்பது ரூபாய்க்குள். இரண்டும் ஒரே ஆற்றில்தான் போகின்றன.

உள்ளே கண்டக்டர் அம்மாள் கையில் முழங்கை நீளத்துக்கு ஓர் உருளைத் தகர டப்பா. அதன் மூடியைப் படபடவென்று தட்டி, உள்ளே கிடக்கும் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே வருவார், டிக்கெட் வாங்காதவர்கள் எடுங்கள் என்று அர்த்தம். டப்பாவைத் திறந்தால் ஒரு பக்கம் நாணயம், இன்னொரு பக்கம் டிக்கெட் சுருள். மூடியின் விளிம்பிலேயே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார். என் அம்மா கோயில் உண்டியல் என்று நினைத்து, பக்தியோடு இருபது பாட் நீட்டினார். மீதி நான்கு பாட் வந்ததும்தான் விஷயம் புரிந்தது.

அறுபத்தேழு வயது, முட்டி வலி உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போனதால் இதையும் சொல்லியாக வேண்டும். படகு துறையில் நிற்கிற நேரம் மிகக் கொஞ்சம். பின்னால் நிற்கும் பையன் விசில் ஊதுவான், கயிற்றை முளையில் மாட்டுவான், படகு மிதவையில் இடித்துக்கொண்டு ஆடும், அந்த ஆட்டத்திலேயே இறங்குகிறவர்கள் இறங்கி ஏறுகிறவர்கள் ஏறிவிட வேண்டும். இறங்கும் துறைக்கு ஒரு துறை முன்பே எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். அங்கே புத்த பிட்சுகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கும், பெண்கள் அவர்கள்மேல் படாமல் தள்ளி நிற்பது அந்த ஊர் வழக்கம். காலை, மாலை அலுவலக நேரத்தில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். ஏசி இல்லை, ஆற்றுக் காற்றுதான். இருட்டிய பிறகு இந்தப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எந்தத் துறையில் என்ன என்றால், ராட்சவோங்கில் இறங்கினால் யாவ்ராட், அதாவது சீனர் தெரு. சாயங்காலம் போனால் சாப்பாட்டு வண்டிகள் கூடியிருக்கும். யோட்பிமானில் பூச்சந்தை. இங்கே நான் அரை மணி நேரம் என்று திட்டமிட்டது இரண்டரை மணி நேரமாகிப்போனது, காரணம் அம்மா. சாமந்தி மலை மலையாய்க் கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து பெண்கள் மல்லிகை மொட்டை நீள ஊசியில் கோத்துக்கொண்டிருந்தார்கள், நாரில் கட்டுவதே இல்லை. கை அகல வளையமாக முடித்து, கீழே ஒரு குஞ்சம் தொங்கவிட்டுப் பாலித்தீன் பையில் போட்டுவிடுகிறார்கள். "முழம் கிடையாதா?" என்று அம்மா தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண் தாய்லாந்து மொழியில் ஏதோ பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் பேச்சு நன்றாகத்தான் போனது.

தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சாய்ந்து படுத்திருக்கிறார், பாதத்தில் சிப்பிப் பதிப்பில் 108 மங்கலச் சின்னங்கள். அவருக்குப் பின்னால் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம் போட்டுக்கொண்டே போகிறார்கள், கூடம் முழுக்க டிங் டிங் என்ற அந்தச் சத்தம்தான். அதே துறையிலிருந்து எதிர்க்கரைக்கு இன்னொரு சின்னப் படகு, ஐந்து பாட். அங்கே வாட் அருண், பெயர் நம் அருணனேதான். கோபுரம் முழுக்க உடைந்த சீனப் பீங்கான் துண்டுகள் பதித்திருக்கிறார்கள், தூரத்திலிருந்து கல் மாதிரி தெரிவது, கிட்டே போனால் தட்டு, கிண்ணம், பூ.

அடுத்து தா சாங், அதாவது யானைத்துறை. அரண்மனை யானைகளைக் குளிப்பாட்டிய இடமாம். அரண்மனைக்கு 500 பாட், கொஞ்சம் வலிக்கும், ஆனாலும் உள்ளே திருச்சுற்றுச் சுவர் முழுக்க அவர்களுடைய ராமாயண ஓவியம் 178 பகுதிகளாக ஓடுகிறது, அனுமாருக்காகவே அந்தக் காசைக் கொடுக்கலாம். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை போட்டால் உள்ளே விட மாட்டார்கள். சேலையில் போன அம்மாவுக்குப் பிரச்சினையே இல்லை. மாலை மூன்றரைக்கு டிக்கெட் முடிந்துவிடும், காலை எட்டரைக்கே போய் நில்லுங்கள். மதில் ஓரமாக நடக்கும்போது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, டுக்டுக்கில் வேறு கோயில் காட்டுகிறேன்" என்றார். திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போனோம், திறந்துதான் இருந்தது. பல வருடமாக நடக்கும் பழைய வித்தை இது, அந்த டுக்டுக் கடைசியில் போய் நிற்பது அதே நவரத்தினக் கல் கடையில்தான். ஏஜென்ட் ஞாபகம் வந்தது.

ஊருக்குள் சேன் சேப் கால்வாயில் ஓடும் படகு வேறு. தண்ணீர் கறுப்பு, நாற்றம் உண்டு, தெறிக்காமல் இருக்க ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கண்டக்டர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படகின் வெளிவிளிம்பிலேயே நடக்கிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு இது வேண்டாம், அம்மாவை டாக்சியில் அனுப்பிவிட்டு நான் மட்டும் ஏறினேன். கடைசித் துறையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராட்சத ஊஞ்சல், உயரமான சிவப்புத் தூண்கள். விழாவில் அதில் ஊஞ்சலாடுவதை 1935-லேயே நிறுத்திவிட்டார்கள். அந்த விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். வேறொன்றுமில்லை, திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். பக்கத்துத் தெருவில் அரசவைப் பிராமணர்களின் கோயில், ஊஞ்சல் இல்லாமல் அந்தச் சடங்கை அவர்கள் இன்னும் நடத்துகிறார்கள். மார்கழிக்கு விடியற்காலையில் எழுந்து பாடுகிற அம்மா அந்தத் தூண்களுக்குக் கீழே ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். சிலோம் சாலையில் 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது, கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "ஜே" என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் தொங்கும், அங்கே மீன் சாஸ், முட்டை, பூண்டுகூட இருக்காது. மற்ற கடையில் காய்கறி மட்டும் என்று கேட்டால் காய்கறியோடு மீன் சாஸும் வரும். வேறொன்றும் கிடைக்காத அன்று மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் அம்மாவுக்கு இரவுச் சாப்பாடு.

கடைசி நாள் திட்டமே போடவில்லை. சாத்தோனில் ஏறி, படகு போகிற கடைசித் துறை வரைக்கும் போனோம், ஒரு மணி நேரத்துக்கு மேல், அதே 16 பாட். அந்த ஊர் பெயர் நொந்தபுரி. "பேரே சரியில்லையே, நொந்துபோய்த்தான் போவோமா?" என்று கேட்ட அம்மா, மூன்றாவது பாலம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.