ஐயாவின் ஒமேகா: சில வருஷங்கள் கட்டிப் பார்த்த பிறகு

எழுபது வயது தாண்டிய, சாவி கொடுக்கும் வாட்சைத் தினமும் கட்டலாமா என்று கேட்டால், தாராளமாகக் கட்டலாம் என்பேன். சரிபண்ணக் கொடுக்கும் இடத்தில் யாரும் டயலில் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், தேற்றலாம்.

பாகம் பிரிக்கப் பங்காளிகள் சேர்ந்து பள்ளத்தூர் வீட்டு இரும்புப்பெட்டியைத் திறந்தபோது வெள்ளிச் சாமான்களுக்கு நடுவே கிடந்தது இந்த ஒமேகா வாட்ச். ஸ்டீல் கேஸ், மஞ்சள் பாய்ந்த வெள்ளை டயல், ஆறு மணி இடத்தில் தனி வட்டத்தில் ஓடும் குட்டி நொடி முள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது ரங்கூனிலிருந்து ஐயா, அதாவது தாத்தா, கால்நடையாக ஊர் வந்து சேர்ந்தார், அன்றைக்கு அவர் கையில் இருந்தது இதுதான் என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம், அப்பத்தா வரைக்கும்.

வாட்சைப் பொறுத்தவரை முகத்தைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது, முதுகைத் திறக்க வேண்டும். இதன் பின்மூடி அழுத்தி மூடும் வகை, அதற்கென்று உள்ள மெல்லிய கத்தியால் கடைக்காரர் திறப்பதுதான் நல்லது. காய்கறி நறுக்கும் கத்தியோடு உட்கார்ந்துவிடாதீர்கள், வழுக்கினால் மெஷினில் கோடு விழுந்துவிடும். உள்ளே மெஷின் செம்பு நிறத்தில், உராய்வைக் குறைக்கும் 17 கல், 266 என்ற மாடல் எண்ணோடு இருந்தது. 1939-ல் ஒமேகா கொண்டுவந்த 30 மில்லிமீட்டர் மெஷின் குடும்பத்தின் பிள்ளை அது. பக்கத்திலேயே எட்டு இலக்க வரிசை எண், 13-ல் தொடங்குகிறது. ஒமேகா எண் அட்டவணைகளில் அது 1952-ஐ ஒட்டி விழுகிறது. ஆக, ரங்கூன் கதை இந்த வாட்சுக்குப் பொருந்தாது. ஐயா அதற்கப்புறம் மலாயாவில், ஈப்போவில் கடை பார்த்தவர், அங்கேதான் வாங்கியிருப்பார்.

பின்மூடியின் உட்புறத்தை லென்ஸில் பார்த்தபோதுதான் எனக்கு இந்த வாட்ச் நிஜமாகவே பிடித்துப்போனது. ஊசியால் கீறிய பொடி எழுத்துகள், சர்வீஸ் செய்தவர்கள் ஆளுக்கொன்றாகப் போட்டுவைத்த அடையாளம். ஒன்றில் 58 என்று தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே கொஞ்சம் சாய்ந்தாற்போல் ஒரு தமிழ் ‘க’. அது ஈப்போவில் போட்டதோ காரைக்குடியில் போட்டதோ, பார்த்தது நம்மூர் ஆள்.

உங்கள் வீட்டில் கிடைப்பது வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் சோவார் பிரைமாவாகவோ ஃபேவர் லூபாவாகவோ இருக்கலாம். இரண்டுமே இந்தியாவில் நிறைய விற்றவை. எச்.எம்.டி என்றால் 1961-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை, பெங்களூரில் அவர்கள் வாட்ச் செய்ய ஆரம்பித்ததே அந்த வருஷம்தான்.

விலைக்கு வருவோம். பங்கில் எடுக்கும் பொருள் என்பதால் நியாயமான ஒரு தொகை சொல்லியாக வேண்டியிருந்தது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைக்காரர் சொல்வது, அவர் வாங்கி வைத்திருந்து லாபத்துக்கு விற்க வேண்டிய விலை, குறைவாகத்தான் இருக்கும், அதில் தப்பும் இல்லை. இணையத்தில் போட்டிருப்பது விற்பவர் ஆசைப்படும் விலை. நாங்கள் எடுத்துக்கொண்டது அதே மெஷின், அதே ஸ்டீல் கேஸ், பெயிண்ட் அடிக்காத டயலோடு உண்மையில் விற்று முடிந்த விலைகளை. அதில் சர்வீஸ் செலவைக் கழித்து, மிச்சத்தை என் பங்கு வெள்ளியில் குறைத்துக்கொண்டோம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

விலையில் பெரும்பகுதி டயலில்தான் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிற பளபள ஒமேகாக்களில் பாதிக்கு மேல் மறுபடி பெயிண்ட் அடித்தவை என்று எனக்குப் படுகிறது. லென்ஸ் வைத்தால் எழுத்தின் ஓரம் கலங்கியிருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு சேராமல் தள்ளி நிற்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவரின் மேல் எமல்ஷன் அடிக்கிறார்களே, அந்தக் காரியம்தான் இதுவும். புள்ளி விழுந்திருக்கிறதே, புதுசாக அடித்துவிடேன் என்று வீட்டில் எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் அசையவில்லை.

நல்லவேளையாக வாட்ச் பார்த்தவரும் என் கட்சி. “டயலத் தொட வேணாம் பாய்” என்றதும், “தொட்டா எழுத்து உதிர்ந்துரும் தம்பி, நீங்க சொன்னாலும் நான் செய்யமாட்டேன்” என்றார். மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டு, தளர்ந்துபோன மெயின் ஸ்பிரிங்கை மாற்றினார். அதற்குப் பொருத்தமான ஸ்பிரிங் வெளியூரிலிருந்து வர நாளானது, அவசரப்படுத்தாதீர்கள். கேஸை பாலிஷ் போட விடவில்லை. வார் மாட்டும் கொம்புகளின் கூர் ஒரு தடவை மழுங்கினால் மழுங்கியதுதான். வேலை முடிந்ததும், வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைமிங் மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவியில் படுத்த நிலையில், உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலின் வீச்சு 270 டிகிரியை ஒட்டி இருந்தால் மெஷின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம், 200-க்குக் கீழே என்றால் வேலை பாக்கி.

முக்கியமான ஒன்று, ரேடியம், இருட்டில் ஒளிர அந்தக் காலத்தில் பூசிய கதிரியக்கப் பொருள். முட்களில் பழுப்பாகக் காய்ந்த பூச்சு இருந்தால், அந்தக் காலத்து வாட்சில் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்பதற்காக அது தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போனது, ஒளி தருவதற்காக அதோடு கலந்த துத்தநாக சல்பைடுதான், ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருஷம். கண்ணாடி மூடியிருக்கும் வாட்சைக் கட்டிக்கொள்ள நான் தயங்கவில்லை. ஆனால் திறந்து சுரண்டுவது, ஊதுவது, அந்தத் தூசியைச் சுவாசிப்பது கூடவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிரித்த நிலையில் வைக்காதீர்கள்.

தினசரி அனுபவம் எப்படி என்றால், காலையில் காபிக்கு முன்னால் சாவி, கை தானாக நிற்கும் இடம் வரை, அதற்குமேல் திருகக் கூடாது. மறுநாள் காலை வரை தாராளமாக ஓடுகிறது. சர்வீஸ் முடிந்த புதிதில் நாளைக்குக் கால் நிமிடம் போல முந்தியது, எனக்கு அது போதும். ஒருமுறை திடீரென்று பல நிமிடங்கள் முந்தியது, போன் உறையில் இருந்த காந்தம்தான் காரணம், கடையில் காந்தம் நீக்கியதும் சரியாகிவிட்டது. நம்மூர் சித்திரை வெயிலில் வேர்வைதான் இதற்கு முதல் எதிரி. தோல் வார் ஒரே கோடையில் நாறிவிட்டது, நைலான் வாருக்கு மாறிவிட்டேன், சாயங்காலம் கழற்றிப் பின்மூடியைத் துணியால் துடைக்கிறேன். தண்ணீர் புகும், ஆகவே குளியல், ஊருணி, மழை எதற்கும் ஆகாது. இன்றைய வாட்சுகளுக்குப் பழகிய கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், இருட்டில் மணி பார்க்க முடியாது. கண்ணாடி அக்ரிலிக் என்பதால் கீறல் விழும், ஆனால் பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கொஞ்ச நாளாக, முந்திக்கொண்டிருந்த வாட்ச் நாளைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்குகிறது, எண்ணெய் காய ஆரம்பித்திருக்கும். தை மாதக் கல்யாணங்கள் முடிந்ததும் பாயிடம் கொடுக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது சில சமயம் பல் வழுக்குவது போல் தெரிகிறது, இந்தத் தடவை அதையும் பார்க்கச் சொல்லப்போகிறேன்.