ஒப்பந்தம் முடியும் முன்பே காலிசெய்தால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்புமா?

மேற்கு மாம்பலத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருந்த நாங்கள், கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்ததால் ஐந்தாம் மாதமே வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தது. வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1,08,000. இடையில் கிளம்பினால் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

வாடகையை நிறுத்திவிட்டு 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்பது பலரும் செய்வதுதான். ஆனால் அபராதம் அப்படியே நிற்கும், முகமும் முறியும்.

சட்டத்தைக் காட்டிப் பேசுவது இன்னொரு வழி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பே. கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டும். அடுத்த மாதமே வேறொருவர் குடிவந்துவிட்டால் இரண்டு மாத வாடகையைக் கேட்பது எளிதல்ல. ஆனால் வாடகை அதிகாரியிடம் முறையிடும் அளவுக்கு நான் போனதில்லை என்பதால், அந்த வழியின் அலைச்சலைப் பற்றி அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது.

நான் தேர்ந்தது, எங்களுக்குப் பதிலாக ஆள் பிடித்துக் கொடுப்பது. அதற்குக் காரணம் வீட்டுக்காரர் சொன்ன ஒரு வாக்கியம்: "நீங்க போறதுல எனக்கு வருத்தம் இல்ல சார், ஒரு லட்சத்தை உடனே எங்க போய்ப் புரட்டுவேன்?" பெரும்பாலான வீடுகளில் அட்வான்ஸ் வங்கியில் காத்திருப்பதில்லை, அடுத்தவர் தரும் அட்வான்ஸிலிருந்துதான் முந்தையவருக்குத் திரும்புகிறது. எனவே, காலியாகக் கிடக்கும் மாதங்களின் வாடகையைவிட, இந்தத் தொகையைப் புரட்டும் கவலைதான் அவரைக் கறாராக்குகிறது. புதியவர் வந்தால் இரண்டும் ஒருசேரத் தீர்கின்றன.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு குடும்பங்கள் வந்து பார்த்தன. குழாயைத் திறந்து பார்க்காமல் ஒருவரும் போகவில்லை. வந்தவர் வீட்டுக்காரருடன் நேரடியாகப் புது ஒப்பந்தம் போட வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். இல்லையென்றால் அது உள்வாடகையாகி, பழைய பொறுப்பு நம் தலையிலேயே இருக்கும். மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது என்பதால், சாவி கொடுத்த அன்று மீட்டரைப் படமெடுத்து, பாக்கியைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸ் திரும்பியதைப் பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

அபராதம் பிடிக்கவில்லை, பெயிண்டிங்குக்கு 7,000 கழித்தார், நான் பேரம் பேசவில்லை. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் என்பதால் எங்களுக்கு மூன்று வாரத்தில் ஆள் கிடைத்தது. பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கும் புறநகர் அடுக்ககத்தில் இதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.