'நிரலாக்க அறிமுகம்': எடுத்து முடித்த ஒரு வேதியியல் மாணவியின் விமர்சனம்

விருப்பப்பாடமாக இதை எடுத்து, 14 வாரம் படித்து, தேர்வும் எழுதியாயிற்று. பதிவு தொடங்கியதிலிருந்து ஜூனியர்கள் "அக்கா, கணக்கு நன்றாக வரணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தால் மீதி என்ன என்பது தெரிந்தால் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி பைத்தான். சி மொழியில் தொடங்கிய சீனியர்கள், திரையில் ஒரு வாக்கியம் வரவழைக்கவே நாலைந்து வரி எழுதியதாகச் சொல்வார்கள். இதில் ஒரே வரிதான். அந்தச் சுலபத்தை நம்பித்தான் முதல் லேபிலேயே மாட்டிக்கொண்டேன்.

இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராம். 5 கொடுத்தேன், 3 கொடுத்தேன், 53 என்று வந்தது. எரர் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, கம்ப்யூட்டர் பாட்டுக்கு 53 என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. லேபில் உதவிக்கு இருந்த முதுகலை அக்காவைக் கூப்பிட்டேன். "நீ தட்டினது எண்ணா, எழுத்தா? அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கால் மணி நேரம் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது: நாம் தட்டுவதை வாங்கும் 'இன்புட்' கட்டளை எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கும். 'இன்ட்' என்ற கட்டளை போட்டு எண்ணாக மாற்றுவது நம் வேலை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் கூட்டல் குறி போட்டால் இரண்டையும் ஒட்டிவிடும். அந்த அக்கா விடையைச் சொல்லியிருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பேன்.

நான்காம் வாரம் ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைகளுக்கு ஒரு பெயர் வைத்து, வேண்டும்போது கூப்பிடுவது. வகுப்பில் பாதிப் பேர் வழுக்கிய இடம் இது, நானும்தான். செல்சியஸை கெல்வினாக மாற்ற ஒன்று எழுதினேன். 25 கொடுத்தால் 298.15 என்று அழகாகக் காட்டியது. அதையே எடுத்து வாயுச் சமன்பாட்டில் பெருக்கப் போனால் எரர். நான் எழுதியது விடையைத் திரையில் காட்டும் 'பிரிண்ட்', எழுதியிருக்க வேண்டியது விடையைத் திருப்பிக் கொடுக்கும் 'ரிட்டர்ன்'. கடைக்காரர் விலையை உரக்கச் சொல்வதற்கும் பொருளைக் கையில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். என் ஃபங்ஷன் விலையைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நின்றது. விரிவுரையில் இதற்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்கினார்கள், ஒரு முழு வகுப்பே எடுத்திருக்கலாம்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் லூப், பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட் எல்லாம் நிதானமாகப் போயின. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதைப் பேராசிரியர் காட்டியபோது வகுப்பே சிரித்தது. பதின்ம முறையில் மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று முடியாமல் நீள்வதுபோல, இரும முறையில் பத்தில் ஒரு பங்கு முடியாமல் நீளுமாம். எங்கோ வெட்டித்தான் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் தசமப் புள்ளிகளோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்த ஒரு மணி நேரமே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது எட்டாம் வாரத்து அசைன்மென்ட். ஃபைலில் இருக்கும் 40 அளவீடுகளைப் படித்துச் சராசரி காண வேண்டும். என் புரோகிராம் நாற்பதையும் சரியாகப் படித்துவிட்டுக் கடைசியில் எரர் காட்டி விழுந்தது. ஃபைலின் முடிவில் ஒரு வெற்று வரி. ஒன்றும் இல்லாததை எண்ணாக மாற்று என்றால் அது என்ன செய்யும், பாவம்.

அதற்கப்புறம் வேகம் தாறுமாறு. ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷன் ஒரே வகுப்பில் முடிந்தது, உதாரணம் வழக்கம்போல ஃபேக்டோரியல் (5×4×3×2×1 மாதிரி). லூப் போட்டு மூன்று வரியில் முடிகிற வேலைக்கு ரிகர்ஷன் எதற்கு என்று யாருக்குத்தான் தோன்றாது? ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று காட்டியிருந்தால் அதன் தேவை அங்கேயே புரிந்திருக்கும். தகவலையும் அதற்கான ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் அச்சான கிளாஸ், அந்த அச்சில் வார்த்த ஆப்ஜெக்ட் இரண்டையும் கடைசி வாரத்தில் திணித்தார்கள். எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

திருத்தும் முறையிலும் குறை உண்டு. அசைன்மென்ட்டைத் தானியங்கிதான் திருத்தும். விடை சரியாக இருந்தும் வரிக்கடைசியில் ஒரு இடைவெளி கூடிப்போனதால் எனக்குப் பூஜ்ஜியம் விழுந்தது. எழுத்துத் தேர்வில் காகிதத்தில் புரோகிராம் எழுதச் சொல்லி, விட்டுப்போன முக்காற்புள்ளிக்கு மார்க் குறைத்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சுட்டிக்காட்டும் தவறு அது.

ஏற்கெனவே புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு முதல் ஏழு வாரம் கொட்டாவிதான் வரும், வேறு பாடம் பாருங்கள். புதியவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அசைன்மென்ட்டை ஏஐ-யிடம் எழுதி வாங்காதீர்கள். என் பக்கத்து மேசைக்காரர் அப்படித்தான் பத்து வாரம் முழு மார்க் வாங்கினார். இணையம் இல்லாத செய்முறைத் தேர்வில் முதல் எரர் வந்ததும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

லேப் பிரிவு தேர்ந்தெடுக்கும்போது விரிவுரைக்கும் லேபுக்கும் நடுவே இரண்டு நாளாவது இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த லேப்டாப் இருந்தால் பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையதைப் போட்டுக் கொண்டுபோங்கள். லேப் கம்ப்யூட்டர்களில் இருப்பது பழையது. ஏழாம் வரியில் அடைப்புக்குறியை மூட மறந்தால் எட்டாம் வரியில் தப்பு என்று அது அலைக்கழிக்கும். புதியது, திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேராகவே சொல்லிவிடும். எங்களை லேபில் சொந்த லேப்டாப் வைத்துக்கொள்ள விட்டார்கள், செய்முறைத் தேர்வில் மட்டும் விடவில்லை.