நான்கு வருடமாக ஓடும் எங்கள் மின்சார ஷவர்: தண்ணீர் மந்தமாக வரும் வீட்டுக்கு எது சரிப்படும்?

மின்சார ஷவர் என்றால் ஓடும் தண்ணீரை உள்ளேயே உடனுக்குடன் சூடாக்கித் தரும் ஷவர். முதலில் வாங்கியது எங்கள் வீட்டில் பதினோரு நாள்தான் இருந்தது. 9 கிலோவாட். அதற்காகவே 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் தனியாக இழுத்து, தடபுடலாக மாட்டினோம். திறந்தால் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு நொடி வெந்நீர், அப்புறம் பச்சைத்தண்ணீர். மறுபடி டக். தலை நிறைய நுரையோடு அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்ற அனுபவம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம்.

ஷவரில் கோளாறு என்றுதான் நினைத்தோம். கோளாறு எங்கள் கணக்கில். தண்ணீர் மெதுவாக வருகிறது, அதனால் பவர் அதிகமுள்ள ஷவராக வாங்கினால் நன்றாக அடிக்கும் என்று நினைத்துவிட்டோம். கிலோவாட்டுக்கும் தண்ணீர் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஹீட்டர் தண்ணீரைச் சுடவைக்கும், அவ்வளவுதான், தள்ளாது. தள்ளுவதற்கு உள்ளேயே பம்ப் வைத்து வரும் ஷவர்கள் வேறு வகை.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'குறைந்தபட்ச அழுத்தம் 0.1 எம்பிஏ' (மெகாபாஸ்கல்) என்று போட்டிருந்தது. 0.1தானே, சின்ன எண்தானே என்று தாண்டிப் போய்விட்டேன். இந்த எம்பிஏதான் ஆளை ஏமாற்றுகிற அலகு. 0.1 எம்பிஏ என்றால் 1 பார், அதாவது ஷவருக்கு மேலே கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு மீட்டர் உயரமும் சுமார் 0.1 பார்தான் தரும். டேப் எடுத்து அளந்து பார்த்தேன்: டேங்கின் அடிப்பாகத்துக்கும் ஷவர் தலைக்கும் நடுவே 2.6 மீட்டர். அதாவது 0.26 பார். ஷவர் கேட்டதில் கால்வாசிதான்! (டேங்கின் மேல்மட்டத்திலிருந்து அளக்காதீர்கள். எல்லோரும் குளித்து முடித்து டேங்க் காலியாகும் நேரத்தில்தான் வண்டவாளம் தெரியும்.)

அடுத்து வாளிச் சோதனை. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு 10 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தால், நிரம்ப 2 நிமிடம் 30 நொடி ஆனது. நிமிடத்துக்கு 4 லிட்டர். இந்த எண் கையில் இருந்தால் மீதிக் கணக்கு சுலபம்: 1 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீரை ஏறக்குறைய 14 டிகிரி சூடாக்கும். எங்கள் டேங்க் தண்ணீர் குளிரான காலையில் 22 டிகிரி, குளிக்க 38 போதும், ஆக 16 டிகிரி ஏற்ற வேண்டும். 4 லிட்டருக்கு 4.5 கிலோவாட் கச்சிதம். அதே 4 லிட்டரில் 9 கிலோவாட்டைப் போட்டால் 32 டிகிரி ஏறி 54ஐத் தொடும், தோல் வெந்துவிடும். அதற்குத்தான் அந்த ஷவர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. பாவம், அதைப் போய்த் திட்டினோம்.

இரண்டாவதாக வாங்கும்போது கிலோவாட்டைக் கடைசியில்தான் பார்த்தேன். எவ்வளவு குறைந்த அழுத்தத்தில் 'ஆன்' ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. 0.01 எம்பிஏ, அதாவது 1 மீட்டர் உயரமே போதும் என்று எழுதியிருந்த 4.5 கிலோவாட் மாடல் கிடைத்தது. நான்கு வருடமாக அதுதான்.

பம்ப் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் அண்ணன் வீட்டில் வைத்தார்கள். தண்ணீர் ஓடினால்தான் தானாக ஸ்டார்ட் ஆகும் வகை அது. அவர்கள் வீட்டில் ஓடும் நூல் மாதிரித் தண்ணீருக்கு அது அசையவே இல்லை. அப்புறம் அழுத்தம் குறைந்தாலே ஸ்டார்ட் ஆகும் வகையாக மாற்றினார்கள், இப்போது பிரமாதமாக அடிக்கிறது, சத்தமும் பிரமாதம். எங்களுக்கு விடியற்காலையில் அந்தச் சத்தம் ஒத்துவராது. பதிலாக டேங்கிலிருந்து குளியலறைக்கு மட்டும் தனியாக 1 அங்குல பைப் இறக்கி, வழியில் இருந்த ஏழு எல்போக்களை (பைப் திரும்பும் வளைவுகளை) மூன்றாகக் குறைத்தோம். வாளி 1 நிமிடம் 50 நொடியில் நிரம்பியது. குளிர் நாளில் ஷவர் வால்வைக் கொஞ்சம் அடக்கித் திறந்தால் சூடு சரியாக வரும், வெயில் நாளில் முழுசாகத் திறந்துகொள்ளலாம்.

இன்னொன்று, அம்மா கண்டுபிடித்தது. கையில் பிடிக்கும் ஷவரைக் கொக்கியில் மாட்டாமல் தோள் உயரத்தில் பிடித்துக் குளிப்பார். அரை மீட்டர் இறக்கினால் எங்கள் 2.6, 3.1 ஆகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் சும்மா கிடைக்கிறது!

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டாம் வருடம் ஒருநாள் லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை வைத்து மூடியைத் திறந்தால், ஒயர் மாட்டும் முனை பழுப்பேறிக் கிடந்தது. 9 கிலோவாட்டுக்காக இழுத்த பழைய தடிமன் கேபிளை இந்தச் சின்ன முனையில் திணித்திருந்ததால் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்கவில்லை. சுமார் 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் லூஸ் கனெக்‌ஷன் விளையாட்டில்லை. நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, எம்சிபியையும் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) 25 ஆம்பியராக மாற்றினார். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி முதலிலிருந்தே இருக்கிறது. அதுவும் எர்த்தும் இல்லாத வீட்டில் மின்சார ஷவர் பேச்சையே எடுக்காதீர்கள்.

மற்றபடி உப்புதான் எதிரி. தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும், டேங்க் கழுவிய மறுநாள் அதில் துரு, பாசி எல்லாம் வந்து அடையும். அழுத்தம் குறைவான வீட்டில் அது கொஞ்சம் அடைத்தாலும் ஷவர் ஆன் ஆகாது. வலையையே கழற்றிப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார், செய்யாதீர்கள், குப்பை நேராக ஹீட்டருக்குள் போய்விடும். ஷவர் தலையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரவு வினிகரில் ஊறவைத்து, காலையில் பழைய டூத்பிரஷால் தேய்க்கிறேன். போன மாதம் மறந்துவிட்டேன். நேற்று மறுபடி அந்த 'டக்' கேட்டது. இப்போது ஷவர் தலை சமையலறைக் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது, வீட்டில் எல்லோரும் சொம்புக் குளியல்.